ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக்: கடை, இதழ், கடன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது அறிவிக்கப்படும்போதெல்லாம் அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றி நண்பர்கள் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கண்டுபிடிப்பாளர், பல்ப் இதழாசிரியர், பணத்தில் சறுக்கிய முதலாளி என்று இவரைத் துண்டு துண்டாகப் பார்ப்பவர்கள் அதிகம். என் பார்வையில் மூன்றும் ஒரே கதைதான்.

யார் இந்த ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக்?

1884 ஆகஸ்ட் 16 அன்று லக்சம்பர்க்கில் பிறந்தவர். ஜெர்மனியின் பிங்கன் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தார். 1904-ல், தான் வடிவமைத்த ஒரு பேட்டரியை நம்பி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது வயது இருபதுகூட நிறையவில்லை. பேட்டரி பெரிதாகக் கைகொடுக்கவில்லை. ஆனால் நியூயார்க்கில், ஐரோப்பாவிலிருந்து மின்சாதன உதிரிபாகங்களை வரவழைத்துத் தபாலில் விற்கும் ‘எலக்ட்ரோ இம்போர்ட்டிங் கம்பெனி’யைத் தொடங்கினார். அவர் பிற்பாடு செய்த எல்லாவற்றுக்கும் வேர் அந்தக் கடைதான்.

அவர் உண்மையிலேயே கண்டுபிடிப்பாளரா, வெறும் விளம்பரக்காரரா?

அவர் பெயரில் சுமார் 80 காப்புரிமைகள் இருக்கின்றன. எலும்பு வழியாக ஒலி கேட்க வைக்கும் கருவி, வானொலிப் பெட்டிக்கான மின்தேக்கி, மின்னணு இசைக்கருவி என்று பலதுறைகளில் கை வைத்தார். எடிசன், டெஸ்லா வரிசையில் அவரை வைக்க முடியாது. அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும்படி உலகை மாற்றிய ஒரு கருவி கிடையாது.

அவருடைய திறமை வேறு இடத்தில் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ஒரு கருவியைப் பதினைந்து வயதுப் பையனின் மேசைக்குக் கொண்டுவரத் தெரிந்தவர் அவர். அதைச் சாதாரணத் திறமை என்று நான் நினைக்கவில்லை.

‘டெலிம்கோ’ என்று ஒரு கருவி பற்றிப் படித்தேன். அது என்ன?

1905-ன் இறுதியில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கம்பியில்லாத் தந்தி செட். கடையின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கித்தான் டெலிம்கோ என்று வைத்தார். விலை எட்டரை டாலர். பொதுமக்கள் வாங்கும்படி முழு செட்டாக விற்கப்பட்ட ஆரம்பகால வானொலிக் கருவிகளில் இது ஒன்று. ‘சயின்டிபிக் அமெரிக்கன்’ இதழில் விளம்பரம் வந்தது. ஒரு மைல் தூரம் வரை வேலை செய்யும் என்று அதில் உறுதி கொடுத்திருந்தார்.

அது வேலை செய்த விதம் பார்க்க அழகானது. அனுப்பும் பக்கத்தில் ஒரு பொறிச்சுருளும் தந்திச் சாவியும். சாவியை அழுத்தினால் இரண்டு உலோக உருண்டைகளுக்கு நடுவே தீப்பொறி பாயும், அதிலிருந்து மின்காந்த அலை கிளம்பும். வாங்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ளே உலோகத் துருவல். சாதாரணமாக அந்தத் துருவல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அலை வந்து பட்டதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உடனே மின்சாரம் பாய்ந்து மணி அடிக்கும். இப்போது ஒரு சிக்கல்: ஒட்டிய துகள்கள் தாமாகப் பிரியாது. அதனால் அடிக்கிற மணியின் சுத்தியலே திரும்பி வரும்போது குழாயையும் ஒரு தட்டு தட்டித் துருவலை உதறிவிடும்படி அமைத்திருந்தார்கள். குழாய் அடுத்த அலைக்குத் தயார்.

இவ்வளவு மலிவாக ஒரு கம்பியில்லாத் தந்தியா என்று சந்தேகப்பட்டு யாரோ புகார் செய்ய, விசாரிக்கப் போலீஸ்காரர் ஒருவர் கடைக்கு வந்தார் என்று கெர்ன்ஸ்பாக்கே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இயக்கிக் காட்டியும் அவர் நம்பவில்லையாம். கம்பியே இல்லை என்கிறாய், இங்கே இத்தனை கம்பி கிடக்கிறதே என்று கருவிக்குள் இருந்த கம்பிகளைக் காட்டிக் கேட்டாராம்.

கடைக்காரர் எப்படிப் பத்திரிகைக்காரர் ஆனார்?

தபாலில் வியாபாரம் செய்ய விலைப்பட்டியல் வேண்டும். வாங்கியவர்களுக்கு எதை எதோடு இணைப்பது என்று சொல்லித்தரவும் வேண்டும். விலைப்பட்டியலிலேயே செய்முறைக் குறிப்புகள் இடம்பிடித்தன. 1908-ல் ‘மாடர்ன் எலக்ட்ரிக்ஸ்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். 1913-ல் ‘எலக்ட்ரிகல் எக்ஸ்பெரிமென்டர்’ வந்தது. டெஸ்லா தன் வாழ்க்கையைத் தானே எழுதிய தொடர் 1919-ல் வெளியானது அந்த இதழில்தான். வசதி போய், மறக்கப்பட்டுக்கொண்டிருந்த டெஸ்லாவை விடாமல் எழுத வைத்ததற்காகவே கெர்ன்ஸ்பாக்கை வணங்கலாம். 1943-ல் டெஸ்லா இறந்தபோது முகத்தை அச்செடுத்து முகமூடி செய்ய ஏற்பாடு செய்தவரும் இவரே.

கதைகள் எப்போது நுழைந்தன?

1911 ஏப்ரலில் ‘மாடர்ன் எலக்ட்ரிக்ஸ்’ இதழில் ‘ரால்ப் 124சி 41+’ என்ற தொடர்கதையை அவரே எழுதத் தொடங்கினார். 2660-ஆம் ஆண்டில் நடக்கும் கதை. இலக்கியமாக அது தேறாது. பாத்திரங்கள் பேசுவதெல்லாம் கருவிகளின் செயல்முறை விளக்கம். ஆனால் வாசகர்களுக்குப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு அவருடைய அறிவியல் இதழ்களில் கதை ஒரு வழக்கமான பகுதியாயிற்று.

அந்தக் கதையில் ரேடாரை முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்பது உண்மையா?

பாதி உண்மை. விண்கலத்தின் மீது அலையை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம் என்று படம் போட்டே விளக்கியிருந்தார். ஆனால் கிறிஸ்டியான் ஹுல்ஸ்மையர் என்ற ஜெர்மானியர், கப்பலில் பட்டுத் திரும்பும் அலையைக் கண்டறியும் கருவிக்கு 1904-லேயே காப்புரிமை கோரிவிட்டார். கெர்ன்ஸ்பாக் சேர்த்தது நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் எண்ணத்தை. அதுவே பெரிய விஷயம்தான். அவர்தான் ரேடாரின் தந்தை என்று பகிரப்படுவது மிகை.

பல்ப் இதழ் என்றால் என்ன?

மரக்கூழிலிருந்து செய்த மட்டமான காகிதத்தில் அச்சான கதை இதழ். பிராங்க் மன்சி 1896-ல் தன் ‘ஆர்கசி’ இதழை முழுக்கக் கதைகளாக்கி, இந்தக் காகிதத்துக்கு மாற்றி, பத்து சென்ட்டுக்கு விற்றதிலிருந்து இந்த வகை தொடங்குகிறது. உள்ளே சொரசொரவென்று இருக்கும், சில ஆண்டுகளில் மஞ்சளாகி உதிரும். செலவு செய்ததெல்லாம் அட்டைப்படத்துக்கு. எழுதுபவர்களுக்குச் சொல்லுக்கு இத்தனை சென்ட் என்று கணக்கு. துப்பறிதல், கௌபாய், காதல், கடற்பயணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி இதழ்கள் முளைத்தன. அறிவியல் கதைக்கு மட்டும் 1926 வரை ஆங்கிலத்தில் தனி இதழ் கிடையாது.

‘அமேசிங் ஸ்டோரிஸ்’ அப்படி என்ன சாதித்தது?

அந்தக் குறையைத் தீர்த்தது. முதல் இதழ் 1926 ஏப்ரல் தேதியிட்டு வந்தது. 96 பக்கம், 25 சென்ட். வழக்கமான பல்ப் இதழைவிட அகலம் அதிகம். அட்டையில் பிராங்க் பால் வரைந்த படம். உள்ளே இருந்த ஆறு கதைகளும் மறுபதிப்புகளே. ஜூல்ஸ் வெர்ன், எச்.ஜி.வெல்ஸ், எட்கர் ஆலன் போ மூவரும் அதில் இருந்தார்கள்.

1928 ஆகஸ்ட் இதழைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஈ.ஈ.ஸ்மித்தின் ‘ஸ்கைலார்க்’ நாவல் அதில்தான் தொடங்கியது. பக் ராஜர்ஸ் என்று பின்னாளில் உலகமே அறிந்த பாத்திரம் முதலில் வந்த பிலிப் நௌலனின் கதையும் அதே இதழில். சூரிய மண்டலத்தைத் தாண்டிப் பறக்கும் கதைகளுக்கும், படக்கதை விண்வெளி வீரர்களுக்கும் ஒரே மாதத்தில் கதவு திறந்தது.

ரசிகர் உலகம் உருவானதற்கும் அவர்தான் காரணமா?

ஆமாம். இது திட்டமிட்டு நடந்ததுகூட இல்லை. ‘டிஸ்கஷன்ஸ்’ என்று ஒரு வாசகர் கடிதப் பகுதி வைத்தார். கடிதம் எழுதியவரின் பெயரோடு வீட்டு முகவரியையும் அப்படியே அச்சிட்டார். ஊரில் நான் ஒருவன்தான் இப்படிக் கதைகளைப் படிக்கிறேன் என்று நினைத்திருந்த பையன்களுக்கு, இரண்டு தெரு தள்ளி இன்னொருவன் இருக்கிறான் என்று தெரிந்தது. அவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள், சந்தித்தார்கள், கையால் உருட்டி அச்சிட்ட சிற்றிதழ்கள் நடத்தினார்கள். 1934-ல் அவரே ‘சயின்ஸ் பிக்‌ஷன் லீக்’ என்று ஒரு சங்கமும் தொடங்கினார். பின்னாளின் பெரிய எழுத்தாளர்கள், பதிப்பாசிரியர்கள் பலர் இந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர் செய்தவற்றில் நிலைத்து நின்றது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுத்தாளர்களுக்குப் பணம் தராமல் ஏமாற்றினார் என்கிறார்களே?

இதில் அவருக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை. கொடுத்ததும் குறைவு, கொடுத்த நேரமும் தாமதம். திகில் கதை எழுத்தாளர் எச்.பி.லவ்கிராஃப்ட் தன் மிகச் சிறந்த கதைகளில் ஒன்றை 1927-ல் ‘அமேசிங்’ இதழுக்குக் கொடுத்தார். கிடைத்தது 25 டாலர், அதாவது சொல்லுக்கு ஒரு சென்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதையும் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு லவ்கிராஃப்ட் தன் கடிதங்களில் கெர்ன்ஸ்பாக்கை ‘எலி’ என்றே குறிப்பிட்டார். ஸ்மித்துக்கு ‘ஸ்கைலார்க்’ முழு நாவலுக்கும் கிடைத்தது 125 டாலர்.

1934-ல் கெர்ன்ஸ்பாக்கின் இன்னொரு இதழான ‘வொண்டர் ஸ்டோரிஸ்’ இதழில் டொனால்ட் வொல்ஹைம் என்ற இளைஞரின் முதல் கதை வந்தது. பணம் வரவில்லை. தன்னைப் போலவே ஏமாந்த மற்றவர்களைத் தேடிப் பிடித்து, சேர்ந்து வழக்குப் போட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகி 75 டாலர் கிடைத்தது. வொல்ஹைம் அப்புறம் லீக்கிலிருந்து நீக்கப்பட்டார்.

இதன் விளைவு வெறும் மனக்கசப்போடு நிற்கவில்லை. 1930-ல் கிளேட்டன் நிறுவனம் ‘அஸ்டவுண்டிங்’ இதழைத் தொடங்கியபோது சொல்லுக்கு இரண்டு சென்ட், அதுவும் கதையை ஏற்றுக்கொண்டவுடனேயே கொடுத்தது. எழுதிப் பிழைக்கிறவர் எந்தப் பக்கம் போவார்? நல்ல கதைகள் அங்கே போயின. வாசகர்களை உருவாக்கியவர் கெர்ன்ஸ்பாக். எழுத்தாளர்களைத் தக்கவைக்கத் தவறியவரும் அவரே.

1929-ல் திவாலானது எப்படி? எதிரிகளின் சதி என்று படித்திருக்கிறேன்.

சதிக் கதை ரசிகர்களிடையே நீண்ட காலம் உலவியது. போட்டிப் பதிப்பாளர் பெர்னார் மக்ஃபாடன் பின்னால் இருந்து கடன்காரர்களைத் தூண்டிவிட்டார் என்பது அந்தக் கதை. பிற்காலத்தில் ஆவணங்களைத் தேடிப் பார்த்தவர்களுக்கு வேறு சித்திரம் கிடைத்தது. 1929 பிப்ரவரியில் கடன்காரர்கள் நீதிமன்றம் போனபோது அவருடைய ‘எக்ஸ்பெரிமென்டர் பப்ளிஷிங்’ நிறுவனம் உண்மையிலேயே கடனில் மூழ்கியிருந்தது. சுமார் 6 லட்சம் டாலர் கடன்; சொத்து அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

பணம் எங்கே போனது? அவர் தனக்கு எடுத்துக்கொண்ட சம்பளம் ஆண்டுக்கு 50,000 டாலர். அதோடு டபிள்யூஆர்என்ஒய் என்ற வானொலி நிலையம். 1925-ல் தொடங்கி, வருமானத்தைவிடச் செலவே அதிகமாக ஓடியது. 1928 ஆகஸ்டில் அதன் வழியாகத் தொலைக்காட்சிப் படம்கூட ஒளிபரப்பினார். தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிய படம். ஒரே அலைவரிசையில் படமும் ஒலியும் சேர்ந்து போக முடியாததால், பாடுபவரின் முகம் முதலில் தெரியும், அது மறைந்த பிறகு குரல் கேட்கும். 1928-ல் இதைச் செய்து பார்க்கத் துணிந்த மனிதரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அதே மாதங்களில் கதைக்கு 25 டாலர் வாங்கக் காத்திருந்தவர்களையும் மறக்க முடியவில்லை.

‘அமேசிங்’ கைமாறிப் போனது. சில மாதங்களிலேயே, 1929 ஜூன் தேதியிட்டு ‘சயின்ஸ் வொண்டர் ஸ்டோரிஸ்’ (பின்னர் ‘வொண்டர் ஸ்டோரிஸ்’) என்ற புதிய இதழோடு திரும்பி வந்துவிட்டார். ‘சயின்ஸ் பிக்‌ஷன்’ என்ற சொல் நிலைபெற்றதும் அந்த இதழ் வழியாகத்தான்.

பொருளாதாரத்துக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

கடனைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. 1933 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ‘டெக்னோகிரசி ரிவ்யூ’ என்று ஓர் இதழ் நடத்தினார். வந்தது இரண்டே இதழ்கள்.

பெரும் பொருளாதார மந்தத்தின் மிக மோசமான குளிர்காலம் அது. தொழிற்சாலைகள் இருக்கின்றன, இயந்திரங்கள் இருக்கின்றன, கை நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் வேலை இல்லை. அந்த நேரத்தில் ஹோவர்ட் ஸ்காட் என்பவர் ஒரு தீர்வோடு வந்தார்: பணத்தையும் விலையையும் தூக்கிவிட்டு, உற்பத்தியை ஆற்றல் கணக்கில் அளப்போம், நாட்டைப் பொறியாளர்கள் நடத்தட்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதற்காக ஓர் ஆற்றல் கணக்கெடுப்பே நடந்தது. 1932 இறுதியில் செய்தித்தாள்கள் எங்கும் டெக்னோகிரசி என்ற இந்த யோசனையைப் பற்றித்தான் பேச்சு. 1933 ஜனவரியில் ஸ்காட்டின் பொறியியல் தகுதி பற்றிக் கேள்வி எழுந்தது, வானொலியில் அவர் ஆற்றிய உரை சொதப்பியது, பல்கலைக்கழகம் விலகிக்கொண்டது. கெர்ன்ஸ்பாக்கின் இதழ் கடைக்கு வந்தபோது அலை ஓய்ந்துகொண்டிருந்தது.

அவருடைய வாசகர்களை நினைத்தால் இது ஏன் அவர்களைத் தொட்டது என்று புரியும். கருவிகளைக் கட்டத் தெரிந்தவன் எதையும் சரிசெய்வான் என்று ஒவ்வொரு கதையும் சொல்லிக் கொடுத்திருந்தது. பொருளாதாரத்தையும் அவனே சரிசெய்யட்டும் என்பது அடுத்த படி. ‘வொண்டர் ஸ்டோரிஸ்’ இதழில் நேட் ஷாக்னர் அந்த ஆண்டே விஞ்ஞானிகள் ஆட்சியைக் கைப்பற்றும் கதைகளை எழுதினார்.

அந்த யோசனை ஸ்காட்டின் சொந்தச் சரக்கா?

வேர் தார்ஸ்டைன் வெப்லனிடம் இருக்கிறது. நார்வேயிலிருந்து வந்த பெற்றோருக்கு 1857-ல் விஸ்கான்சினில் பிறந்த பொருளாதார அறிஞர். பணக்காரர்கள் பிறர் பார்க்கவே செலவு செய்கிறார்கள் என்று 1899-ல் எழுதிப் புகழ்பெற்றவர். 1919-ல் தொடர் கட்டுரைகளாக எழுதி 1921-ல் நூலாக்கிய ‘பொறியாளர்களும் விலை அமைப்பும்’ என்பதில் அவர் சொன்னது இது: தொழிற்சாலையை முழு வேகத்தில் ஓட்டப் பொறியாளருக்குத் தெரியும், விலை விழுந்துவிடும் என்று முதலாளி அதை வேண்டுமென்றே மெதுவாக ஓட வைக்கிறான். ஸ்காட் அவர் வட்டத்தில் இருந்தவர்.

வெப்லன் 1929 ஆகஸ்டில் இறந்தார், பங்குச் சந்தை சரிவதற்குச் சுமார் மூன்று மாதங்கள் முன்பு. அவருடைய கேள்வி கூர்மையானது, இன்றும் பொருந்துவது. ஸ்காட் கொடுத்த பதிலில்தான் ஓட்டை. எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று பொறியாளர் அளக்கலாம். எதைச் செய்வது, யாருக்குச் செய்வது என்பதை எந்த மீட்டரும் சொல்லாது.

டேவிட் லாசர் பெயரும் அடிபடுகிறதே?

அடிபட வேண்டிய பெயர்தான். இன்னும் அதிகமாக. எம்ஐடி பட்டதாரி, 1929 முதல் 1933 வரை கெர்ன்ஸ்பாக்கின் கதை இதழ்களுக்கு ஆசிரியப் பணி செய்தவர். 1930-ல் அந்த இதழ்களின் எழுத்தாளர்களைக் கூட்டிக்கொண்டு ‘அமெரிக்கன் இன்டர்பிளானட்டரி சொசைட்டி’யைத் தொடங்கினார். அதுவே பின்னர் அமெரிக்க ராக்கெட் சங்கம் ஆனது. விண்பயணம் பற்றி 1931-ல் ஒரு நூலும் எழுதினார். மந்தம் முற்றியதும் வேலையற்றோரை அமைப்பாகத் திரட்டுவதில் இறங்கினார். கெர்ன்ஸ்பாக் அவரை வேலையிலிருந்து நீக்கினார். 1935-ல் லாசர் நாடு தழுவிய வேலையற்றோர் அமைப்பான ‘வொர்க்கர்ஸ் அலையன்ஸ்’ தலைவரானார்.

ராக்கெட்டும் வேலையில்லாதவர்களின் வரிசையும் ஒரே மனிதருக்குச் சமமாக முக்கியமாக இருந்தன. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

ஜான் கேம்பல்தான் பெரிய ஆசிரியர், இவர் இல்லை என்பார்களே?

கதைகளைச் செதுக்கும் ஆசிரியர் என்றால் கேம்பல்தான், சந்தேகமில்லை. 1937 முதல் 1971-ல் இறக்கும் வரை ‘அஸ்டவுண்டிங்’ அவர் கையில். அசிமோவ், ஹைன்லைன் போன்ற எழுத்தாளர்கள் எல்லோரும் அவர் வளர்த்தவர்கள். 1944 மார்ச்சில் அவர் வெளியிட்ட அணுகுண்டுக் கதையைப் பார்த்து, ரகசியம் கசிந்துவிட்டதோ என்று அரசு விசாரணையாளர்களே அலுவலகத்துக்கு வந்தார்கள். எல்லாம் ஏற்கெனவே அச்சில் வந்த தகவல்கள்தான் என்று காட்டினார். ஆனால் 1950-ல் டயனெட்டிக்ஸ் என்ற போலி மனநல முறையை முன்னிறுத்தியதும் இதே கேம்பல்தான்.

ஹ்யூகோ விருது எப்போது வந்தது?

1953-ல் பிலடெல்பியாவில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில். 1960-ல் கெர்ன்ஸ்பாக்குக்கே ஒரு சிறப்பு விருது கொடுத்தார்கள். கதை இதழை 1936-லேயே விற்றுவிட்டிருந்தார். வானொலி இதழ்கள்தான் தொடர்ந்து சோறு போட்டன. 1967 ஆகஸ்ட் 19 அன்று நியூயார்க்கில் இறந்தார். உடலை மருத்துவக் கல்விக்குக் கொடுத்துவிட்டார்.

எங்கே தொடங்கிப் படிக்கலாம்?

பழைய இதழ்கள் பல ஸ்கேன் செய்யப்பட்டு இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் கிடைக்கின்றன. அவருடைய நாவலில் தொடங்க வேண்டாம், சலித்துப்போகும். 1928 ஆகஸ்ட் ‘அமேசிங்’ இதழை எடுத்து அட்டையிலிருந்து அட்டை வரை பாருங்கள். கதைகளை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள். விளம்பரங்களையும் வாசகர் கடிதங்களையும் சேர்த்துப் படித்தால், அந்த இதழை யார் வாங்கினார்கள், எதற்காக வாங்கினார்கள் என்பது தெரிந்துவிடும்.